ராஜமும் மணியும்

ஒரே தேர்வு வினா ஒருவன் வாழ்வில் இருமுறை வருவது அரிது. நமக்கு அது வந்தது. முதன்முறை வந்தபோது நாம் திருச்சிராப்பள்ளியில் பி.ஏ. பயின்று கொண்டிருந்தோம். ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் நாவலில் வரும் ராஜம், மணி ஆகிய இரு நண்பர்களையும் ஒப்பிட்டு எழுதுக என்பது அவ்வினா. இருபது வயதின் துணிவோடு மூன்று பக்கங்கள் எழுதினோம். ராஜம் அறிவின் வடிவம், மணி முரட்டு வலிமையின் வடிவம், அறிவைக் கண்டு வலிமை பணிவதே கதையின் உட்பொருள் என்று முடித்ததாக நினைவு. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

இரண்டாம் முறை அவ்வினா வந்தது சென்ற ஆண்டு. தில்லியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் மகன், பள்ளியில் கொடுத்த ‘புராஜெக்ட்’ என்று கூறி அதே நூலைக் கொணர்ந்து நம் முன் வைத்தான். ராஜம், மணி இருவரில் சுவாமிநாதனுக்கு உற்ற நண்பன் யார் என்று காரணங்களுடன் எழுத வேண்டுமாம். பழைய விடை நாவின் நுனியில் நின்றது. ஆயினும் நூலை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லலாம் என எண்ணி இரண்டு இரவுகள் படித்தோம். படித்து முடித்தபோது, அன்று நாம் எழுதிய மூன்று பக்கங்களும் பிழை என்பது விளங்கிற்று. அப்பிழை தேர்வுத்தாளோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை.

நூலைப் படித்திராத அன்பர்களுக்காகச் சில சொற்கள். நாராயண் 1906ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியராயிருந்த அவர் தந்தையார்க்கு அடிக்கடி ஊர் மாற்றம் நேர்ந்தமையால், புரசைவாக்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் சிறுவர் வளர்ந்தார். 1930ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பாட்டியார் குறித்துக் கொடுத்த நல்ல நாளொன்றில், பெங்களூரில் அமர்ந்து அவர் தம் முதல் நாவலின் முதல் வரியை எழுதினார். அவ்வேளை அவர் மனக்கண்ணில் முதற்கண் எழுந்தது ஒரு சிறிய இரயில் நிலையமாம். அந்நிலையத்தைச் சுற்றியே மால்குடி என்னும் கற்பனை ஊர் பின்னர் வளர்ந்தது. நாவலும் ஓர் இரயில் நிலையத்திலேதான் முடிகிறது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு இரயில் நிலையம் எத்தகைய இடம் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நூல் அச்சேறிய வரலாறும் ஒரு நட்பின் வரலாறே. பதிப்பாளர் பலர் மறுத்துவிட, மனம் சலித்த நாராயண், அப்போது ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு, கையெழுத்துப் படியைக் கல்லில் கட்டித் தேம்சு ஆற்றில் எறிந்துவிடுமாறு எழுதினார். நண்பரோ அவ்வாறு செய்யாமல் அதனைக் கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் கொண்டு சேர்த்தார். கிரீன் பரிந்துரைக்க, 1935இல் இலண்டனில் நூல் வெளிவந்தது. சொன்ன சொல்லைக் கேளாத நண்பர் ஒருவரால் நமக்குக் கிட்டிய நூல் இது.

இனி அவ்விரு சிறுவரைக் காண்போம். கதைத் தலைவன் சுவாமிநாதன், ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் முதல் பாரம் பயில்பவன். அவனுடைய பழைய நண்பன் மணி. கடைசி வரிசையில் அமர்பவன், படிப்பு ஏறாதவன், எவரையும் தடியால் நையப் புடைத்துவிடுவதாக மிரட்டுபவன். பிற சிறுவர் அஞ்சி ஒதுங்கும் அம்மணி, சுவாமியிடம் மட்டும் பரிவு காட்டுகிறான். அது சுவாமிக்குப் பெருமை. பின்னர் வருகிறான் ராஜம். காவல்துறை உயர் அலுவலரின் மகன். சென்னையில் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன். காலுறை, காலணி, கழுத்துப்பட்டை, அழகிய மேலங்கி ஆகியவற்றோடு மோட்டார் காரில் வந்து இறங்குகிறான். வெள்ளைக்காரன் பேசுவது போலவே ஆங்கிலம் பேசுகிறான். வகுப்பில் மணிக்குக் கிட்டிய மதிப்பை வந்த சில நாட்களில் அவன் பங்கிட்டுக் கொள்கிறான்.

இருவருக்கும் பகை மூள்கிறது. வகுப்பிலேயே துண்டுச்சீட்டுகள் பறக்கின்றன. இவனிடமிருந்து அவனுக்கும் அவனிடமிருந்து இவனுக்கும் சீட்டுகளைச் சுமந்து செல்பவன் சுவாமி. சரயு ஆற்றங்கரையில் நல்லப்பாவின் தோப்பை ஒட்டிச் சண்டைக்கு நாள் குறிக்கப்படுகிறது. மணி தடியோடு வருகிறான். ராஜம் காற்றுத் துப்பாக்கியோடு வருகிறான். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, தன் மீது என்ன குறை என்று ராஜம் வினவுகிறான். பேசப் பேசக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லையென்று தெரிகிறது. முடிவில் ராஜம் கொணர்ந்த பிஸ்கட்டுகளை மூவரும் உண்டு நண்பராகின்றனர். மணிக்குப் பேனாக்கத்தி ஒன்றும் பரிசாகிறது. இவ்விடத்தைத்தான் நாம் அன்று, அறிவு வலிமையை வென்ற இடம் என்று எழுதினோம். இன்று படிக்கையில் வேறொன்று தென்படுகிறது. பகைவனிடம் ஆயுதமும் இருக்கிறது, பண்டமும் இருக்கிறது என்று அறிந்த பின்பும், மணி அவனைப் பொறாமையின்றி நண்பனாக ஏற்றான். ஏற்ற பின் ஒருநாளும் அவன் பின்வாங்கவில்லை. அதற்கு அறிவு தேவையில்லை. வேறொரு குணம் தேவை.

ராஜம் தீயவன் அல்லன். சுவாமிக்கும் பிற தோழர்க்கும் பிணக்கு நேர்ந்தபோது, அனைவரையும் அழைத்து அமரவைத்துப் பகைமையின் கேட்டை எடுத்துக்கூறி, பரிசுகள் வழங்கிச் சமாதானம் செய்து வைப்பவன் அவனே. ஆயினும் அவன் நட்பு எப்போதும் மேலிருந்து கீழே வருகிறது. தன் இல்லத்திற்கு முதன்முதல் வரும் நண்பர்களை, பெரிய மனிதர் செய்வது போல், வேண்டுமென்றே சிறிது நேரம் காக்க வைக்கிறான். 1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மால்குடியில் நிகழும் சுதேசிக் கிளர்ச்சியில் சுவாமி தன் தொப்பியை நெருப்பிலிடுகிறான். மறுநாள் பள்ளிக் கண்ணாடிகள் உடைகின்றன. கூட்டத்தின் மீது தடியடி நடத்த ஆணையிடுபவர் ராஜத்தின் தந்தையார். அதன்பின் சுவாமி வேறு பள்ளிக்குச் செல்ல நேர்கிறது. சில வாரங்கள் கழித்து ராஜம் சுவாமியின் இல்லம் தேடி வந்து, அவன் பிழைகள் அனைத்தையும் மன்னித்துவிட்டதாக அறிவிக்கிறான். தடியடி பட்டவர் யாவர், மன்னிக்க வேண்டியவர் யாவர் என்னும் ஐயம் அவனுக்கு எழவில்லை. சுவாமிக்கும் எழவில்லை. அத்துணை அன்பு சுவாமிக்கு அவன்பால்.

மணியோ மன்னிப்பதும் அறியான், மன்னிப்புக் கேட்பதும் அறியான். தேர்வு நெருங்குகையில், வினாத்தாளை அறிந்துகொள்ளும் ஆசையால், அவன் பள்ளி எழுத்தரின் இல்லத்திற்குக் கத்தரிக்காய் மூட்டையோடு செல்கிறான். எழுத்தர் காய்களைப் பெற்றுக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுகிறார். வினாத்தாளைப் பற்றி மட்டும் வாய் திறவார். இருபதாண்டுகளுக்கு மேலாக எழுத்தர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் இவ்விடத்தில் சிரித்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் மணியின் உள்ளம் எத்தகையது என்பதும் அங்கே தெரிகிறது. தனக்கு வேண்டியதை நேராகச் சென்று கேட்பவன் அவன். ஏமாற்றப்படுவானேயன்றி ஏமாற்றத் தெரியாதவன்.

ஏமாற்றத் தெரியாதவன் என்று சொன்னோம். ஆயினும் நாவலில் இருவரும் ஆளுக்கொரு பொய் சொல்கின்றனர். இருவரையும் ஒப்பிட அவ்விரு பொய்களே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

முதற்பொய் ராஜத்தினுடையது. நண்பர்கள் வந்திருக்கையில் சிற்றுண்டி கொணருமாறு சமையற்காரருக்கு ஆணையிடுகிறான். அவர் அதனைப் பொருட்படுத்தாது, வேண்டுமானால் நீயே எடுத்துச் செல் என்கிறார். வேறு வழியின்றித் தானே தட்டை ஏந்தி வரும் ராஜம், தன் பெருமை குன்றாதிருக்க, சமையற்காரரை உதைத்துத் தள்ளிவிட்டதாகவும் அவர் உணர்விழந்து கிடப்பதாகவும் கூறுகிறான். நண்பர்கள் வியக்கின்றனர்.

இரண்டாம் பொய் மணியினுடையது. அது நாவலின் இறுதியில், விடியற்காலை இருளில், இரயில் நிலையத்தில் சொல்லப்படுகிறது. நிகழ்ந்தது இதுவே. மூவரும் சேர்ந்து அமைத்த கிரிக்கெட் குழுவுக்கு ராஜம் தலைவன். சுவாமி சிறந்த பந்து வீச்சாளன். புதிய பள்ளியின் தலைமையாசிரியரோடு நேர்ந்த மோதலால் சுவாமி ஊரைவிட்டு ஓடி, மெம்பிக் காட்டுப் பாதையில் வழி தப்புகிறான். அவன் மீட்கப்பட்டு வந்து சேர்வதற்குள் பந்தயம் தோற்றுப் போகிறது. சுதேசிக் கிளர்ச்சியை மன்னித்த ராஜம், கிரிக்கெட்டை மன்னிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிடுகிறான். பிறகு தந்தையார்க்கு மாற்றல் உத்தரவு வருகிறது. குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுகிறது என்னும் செய்தியைச் சுவாமிக்குக் கொணர்பவன் மணி.

சுவாமி தன்னிடமிருந்த நல்ல நூலொன்றை, ஆண்டர்சனின் கதைகளை, ராஜத்தின் பெயரெழுதி எடுத்துக்கொண்டு நிலையத்திற்கு ஓடுகிறான். அங்கே காவலரும் அலுவலரும் சூழ்ந்து நிற்கின்றனர். நூலைக் கொடுக்கத் துணிவு வரவில்லை. வண்டி நகர்கிறது. அந்நேரம் மணியே நூலை வாங்கி வண்டியோடு ஓடிச் சேர்க்கிறான். ராஜம் கையை நீட்டி வாங்குகிறான், ஏதோ சொல்வது போல் வாயசைகிறது, இரைச்சலில் கேட்கவில்லை. கதையின் தொடக்கத்தில் இருவரின் பகைக்குச் சீட்டுச் சுமந்தவன் சுவாமி. முடிவில் அவன் அன்பைச் சுமந்து ஓடுபவன் மணி.

வண்டி மறைந்த பின் சுவாமி அழுகிறான். ராஜம் தன்னை நினைப்பானா, கடிதம் எழுதுவானா என்று கேட்கிறான். எழுதுவான் என்கிறான் மணி. முகவரி கேட்டான், கொடுத்திருக்கிறேன் என்கிறான். அப்படியானால் என் முகவரியைச் சொல் பார்க்கலாம் என்கிறான் சுவாமி. மணி தடுமாறுகிறான். அவனுக்கு முகவரி தெரியாது. நாள்தோறும் சென்றுவரும் வீட்டிற்கு எவன் முகவரி அறிந்து வைத்திருப்பான்? ஆயினும் கொடுத்துவிட்டேன் என்பதை அவன் விடவில்லை. அது மெய்யா பொய்யா என்று அறியச் சுவாமி அவன் முகத்தை உற்று நோக்குகிறான். எப்போதும் உள்ளத்தை ஒளிக்கத் தெரியாத மணியின் முகம், அன்று ஒன்றையும் காட்டவில்லை. நாவல் அங்கே முடிகிறது.

ராஜத்தின் பொய் தன்னை உயர்த்திக் கொள்ளச் சொன்னது. மணியின் பொய் அழுகின்ற தோழனைத் தேற்றச் சொன்னது. அறிவின் வடிவம் என்று நாம் அன்று யாரைச் சொன்னோமோ அவன் போகும் வண்டியில் இருக்கிறான். முரடன் என்று யாரைச் சொன்னோமோ அவன் நடைமேடையில் தோழன் அருகே நிற்கிறான்.

இதனை நாம் இருபது வயதில் காணாதது ஏன்? நாமே வண்டியில் ஏறக் காத்திருந்தோம். ஆகவே போகிறவனையே பார்த்தோம்.

நம் ஊர் காவிரிக் கரையிலுள்ள குளித்தலை. நமக்கும் அங்கே ஒரு மணி இருந்தான். கொடிக்கால் கூலியாளின் மகன். எட்டாம் வகுப்பில் இருமுறை தவறி, பின்னர் வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்கச் சென்றவன். மெலிந்த உடலினராகிய நம்மைப் பள்ளியில் எவரும் சீண்டாதிருந்தது அவனால். எண்பதுகளின் பிற்பகுதியில், சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடர் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானபோது, எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் திண்ணைச் சன்னலில் தொற்றிக்கொண்டு இருவரும் பார்த்தோம். இந்தியில் ஒரு சொல்லும் நமக்கும் விளங்காது, அவனுக்கும் விளங்காது. ஆயினும் கதை முழுதும் விளங்கிற்று. தடியோடு வரும் மணியைக் கண்டு அவன் கைகொட்டிச் சிரித்தது இன்றும் காதில் ஒலிக்கிறது.

2003இல் மத்திய அரசுப் பணி கிடைத்து நாம் நாகபுரிக்குப் புறப்பட்டோம். தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன் அவன். இரண்டு நிமிடமே நிற்கும் வண்டியில் நம்மையும் பெட்டியையும் ஏற்றிவிட்டு, வண்டி நகர்ந்த பின் ஓடிவந்து சன்னல் வழியே பூவம்பழச் சீப்பொன்றைத் திணித்தான். “போனதும் கடுதாசி போடுடா. யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிறேன்” என்று கத்தினான். சென்னைக்கு அப்பால் அப்பழங்கள் கறுக்கத் தொடங்கின. எதிர் இருக்கையில் நாகரிகமான குடும்பமொன்று அமர்ந்திருந்தது. நாகபுரியில் இறங்கும்போது, மீதிப் பழங்களை இருக்கையின் அடியிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். கடிதமும் எழுதவில்லை.

எழுதக் கூடாதென்று நினைத்ததில்லை. அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தோம். துறைத் தேர்வு, திருமணம், குழந்தை, குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் என்று ஆண்டுகள் சென்றன. வாரந்தோறும் ஊருக்குத் தொலைபேசியில் பேசுவோம். தந்தையாரின் உடல்நலம், வீட்டு வரி, மழை ஆகியவற்றைக் கேட்போம். அவனைப் பற்றிக் கேட்க நினைவு வந்ததில்லை.

2014இல் தந்தையார் காலமானார். செய்தி கேட்டுப் புறப்பட்டு ஊர் சேர ஒன்றரை நாளாயிற்று. அவ்வளவு நேரமும் ஐஸ் பெட்டிக்கு அருகே அமர்ந்திருந்தவன் அவன். பந்தல், விறகு, பறை, வந்தவர்க்குத் தேநீர் அனைத்தையும் அவனே ஏற்பாடு செய்திருந்தான். மகன் செய்ய வேண்டியவற்றில், கொள்ளி ஒன்றை மட்டும் நமக்கென விட்டு வைத்திருந்தான். கருமாதி முடிந்த மாலை, கொல்லையில் பாத்திரங்களைக் கணக்கிட்டு அடுக்கிக்கொண்டே அவன் சொன்னான்: “வாரா வாரம் போன்ல என்னைப் பத்திக் கேப்பியாமே. அம்மா சொல்வாங்க. அவ்வளவு வேலையிலயும் மறக்காம இருக்கியேடா.”

நாம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நாம் அவனுக்கு மறுமொழி ஒன்றும் கூறவில்லை. மறுக்காமல் நின்றதனால் அப்பொய்யில் நாமும் பங்கு கொண்டோம்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டோம். அவர் அமைதியாகச் சொன்னார்: “கேக்கறப்ப எல்லாம் இல்லைன்னு எப்படிப்பா சொல்றது? அவன் மொகத்தைப் பாத்தா பொய் தானா வந்துடுது.”

அதற்குப் பின் திருந்தினோம் என்று எழுத ஆசை. ஒரு தீபாவளிக்கு அம்மா மூலம் சட்டைத்துணி வாங்கிக் கொடுக்கச் செய்தோம். இருமுறை தொலைபேசியில் பேசினோம். பேச அதிகம் இல்லை. மண்டி எப்படி, வெயில் எப்படி என்பதோடு முடிந்தது. 2019இல் தில்லிக்கு மாற்றலாகி வந்தபின் அதுவும் நின்றது.

இவ்விடத்தில் ராஜத்தின் சார்பிலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறுகிறவனைக் குற்றம் கூறுவது எளிது. அச்சிறுவன் மால்குடிக்கு வந்தபோது அவனுக்கு அங்கே ஒரு நண்பனும் இல்லை. அழகிய உடையும் ஆங்கிலமும் துப்பாக்கியுமே அவனுக்குத் துணை. ஊர் ஊராக மாற்றப்படும் வீட்டுப் பிள்ளைகள், புதிய வகுப்பில் முதல் நாள் நிற்கும் நிலையை இம்மலரைப் படிக்கும் பெற்றோர் அறிவர். நிமிர்ந்து நில்லாவிட்டால் ஏளனம் செய்வர் என்று அஞ்சியே அவர்கள் நிமிர்ந்து நிற்கின்றனர். ஓர் ஊரில் வேர் பிடிக்கும் நேரத்தில் அடுத்த உத்தரவு வந்துவிடும். சன்னல் வழியே ராஜம் என்ன சொன்னான் என்று நாராயண் நமக்குத் தெரிவிக்கவில்லை. அவன் கேட்க விரும்பியதே முகவரியாகவும் இருக்கலாம். தந்தையின் மாற்றலால் தாம் வேறிடத்தில் வளர்ந்த ஆசிரியர் அப்பிள்ளைக்கு அந்த ஒரு வாய்ப்பை விட்டு வைத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

நாம் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க, நம் மகன் நூலைப் படித்து முடித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், “அப்பா, ராஜம் கடிதம் எழுதினானா?” என்றான். நூலில் அது இல்லை என்றோம். “முகவரியே தெரியாதே, எப்படி எழுதுவான்?” என்று தானே சொல்லிக்கொண்டான். சற்றுப் பொறுத்து வேறொன்று கேட்டான். நாகபுரியில் அவனோடு படித்த மராத்திச் சிறுவன் ஒருவன், நாம் புறப்பட்ட நாளில் தன் தந்தையின் ஸ்கூட்டரில் நிலையத்திற்கு வந்து நின்றான். நமக்கு அது மறந்தே போயிருந்தது. “நம்ம தில்லி அட்ரஸ் அவனுக்குத் தெரியாது இல்லையா அப்பா?”

தெரியாது என்றோம். கொடுத்திருக்கிறோம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பொய்யைச் சொல்லும் உரிமை, உடன் நின்றவர்களுக்கே உண்டு. வண்டியில் ஏறி வந்தவர்க்கு இல்லை.

மகன் தன் விடையைத் தானே எழுதினான். மணியே உற்ற நண்பன் என்று எழுதி, ராஜம் பாவம் என்று இறுதியில் ஒரு வரி சேர்த்தான். ஆசிரியை அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நாம் இருந்தால் அவ்வரிக்கே மதிப்பெண் கொடுத்திருப்போம். நாகபுரிப் பள்ளித் தோழர் ஒருவர் வழியாக அந்த மராத்திச் சிறுவனின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து, இப்போது இருவரும் ஞாயிறுதோறும் பேசுகின்றனர்.

நம் பிழை அவ்வளவு எளிதில் திருந்தாது. என்றாலும், இம்மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, எழுத வேண்டியது எதுவென்று ஐயமிருக்கவில்லை. மலர் அச்சான பின் ஒரு படியை அவனுக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். அதற்கு முன் கடிதமொன்றும் எழுதினோம். இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பாக்கி. உறையின் மேல் பெயரை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. சிறு வயதில் நாள்தோறும் சென்று சோறுண்ட வீட்டின் முகவரி நமக்கும் தெரியவில்லை.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். “வீட்டு நம்பரெல்லாம் எதுக்கு? அவன் பேரைப் போட்டு வாழைக்காய் மண்டி, குளித்தலைன்னு எழுது. வந்து சேரும்” என்றார். அவனுக்கு யார் படித்துக் காட்டுவார் என்று கேட்டோம்.

அம்மா சிரித்தார். “நான் படிச்சுக் காட்டறேன். நீ எழுதாத கடுதாசியையே இத்தனை வருசமா படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தவதானே நான்.”